ஒன்றரைக் கட்டை இறக்கி

ஈசூன், சிங்கப்பூர்
8.3.1987

மயிலுக்கு,

லிங்கம் எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் என் பெயரை எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாயோ என்று பயம்.

சிங்கப்பூர் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. ஒரு சீனக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். என்னோடு வேலை செய்த பிலிப்பீன்ஸ்காரர் ஒருவர் போன மாதம் ஊருக்குப் போகும்போது தன்னுடைய நாலு டிராக் ரெக்கார்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சாதாரண கேசட்தான் போட வேண்டும். ஆனால் நான்கு பேர் வாசிப்பதைத் தனித்தனியாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதியலாம். ஒருவர் இன்றைக்கு வாசிக்கலாம், இன்னொருவர் அடுத்த மாதம், வேறு ஊரில் இருந்துகொண்டு. இதைப் பார்த்ததும் எனக்கு நம் பாட்டு செட்தான் ஞாபகம் வந்தது.

கணேசமூர்த்தி கல்யாணம் முடித்து கோலா கிளாவாங்கில் மாமனார் வீட்டோடு இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். அங்கே டுரியான் கொட்டிவைக்கும் கொட்டகையில் டிரம்ஸை வைத்து வாசித்து, கேசட் அனுப்பினான். அதை முதல் டிராக்கில் ஏற்றினேன். அதன்மேல் பேஸ், பிறகு கிட்டார், இரண்டும் நானே. நாலாவது டிராக் காலியாக இருக்கிறது. அது உனக்கு.

எந்தப் பாட்டு என்று நீ கேட்க மாட்டாய். 'பேர வெட்டிக்கோ'தான். உன் அப்பா விடிகாலையில் பெரட்டில், தோட்டத்து ஆட்களோடு வரிசையில் நின்று, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பதைப் பார்த்து நீ எழுதினாயே, 'பெரட்டுக்கு நான் வரல கிராணி, பேர வெட்டிக்கோ' என்று, அந்த ஒரு வரிக்காகத்தான் நான் மெட்டையே போட்டேன்.

இதோடு வைத்திருக்கும் கேசட்டில் பாடுவது மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் இருக்கிறது. அதை இயர்போனில் கேட்டுக்கொண்டே, வேறொரு டேப் செட்டில் உன் குரலை மட்டும் பதிந்து அனுப்பினால் போதும். சேர்ப்பது என் வேலை.

சிரம்பானில் நடந்ததைப் பற்றி எழுதலாம் என்று மூன்று தாள் வீணாக்கினேன். பாட்டு முடிந்த பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம்.

லிங்கம்


மூன்றாம் டிவிஷன், லிங்கி
25.3.1987

திரு. அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

கேசட் கிடைத்தது. நீங்கள் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. நானும் அப்பாவும் நலம். நான் இப்போது செனவாங்கில் பேக்டரி வேலைக்குப் போகிறேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை.

நான் இப்போது பாடுவதில்லை.

சிரம்பானைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு, இப்போதே எழுதிவிடுகிறேன். போட்டி நடந்த மண்டபத்தில் நானூறு பேர் இருந்தார்கள். மூன்றாவது தடவை 'வெட்டிக்கோ' வரும்போது என் தொண்டை உடைந்தது. நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஆம்ப்ளிபயரின் குமிழைத் திருகினீர்கள். கிட்டார் சத்தத்துக்குள் நான் இல்லாமல் போனேன். அதற்குப் பிறகு பாட்டு முடிகிற வரை என் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வேனில் திரும்பி வரும்போது எல்லாருக்கும் முன்னால் சொன்னீர்கள், "பிராக்டிஸ் பண்ணாம வந்து மானத்த வாங்கிட்ட" என்று. அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிவிட்டீர்கள்.

தொண்டை யாருக்கும் உடையும். அதை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். குமிழின்மேல் இருந்த உங்கள் கைதான் மறக்கவில்லை.

சிங்கப்பூரில் பாடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். என் வரிகளை அவர்களுக்குக் கொடுக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
மயிலம்மாள்


ஈசூன்
12.4.1987

மயிலுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். 'திரு. அமிர்தலிங்கம் அவர்களுக்கு' என்பதைத் தாண்டிப் போகவே கொஞ்ச நேரம் ஆனது. ஒன்பது வயதிலிருந்து என்னை "டேய்" என்று கூப்பிட்டவள் நீ. திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த 'நீங்கள்' தாங்க முடியவில்லை.

குமிழைத் திருகியது நான்தான். நீ கவனிக்கவில்லை என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று நல்ல காரணமாக ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு உன்னைவிடப் பரிசு பெரிதாக இருந்தது. அவ்வளவுதான். வேனில் சொன்னதும் தப்பு. சொல்லாமல் போனதும் தப்பு. இவ்வளவு தாமதமாக மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு.

நீ சொன்னபடியே வேறொருவரைப் பாட வைத்துப் பார்த்தேன். சீதாலெட்சுமி என்று பெயர், கோயிலில் பாடுகிறவர், அருமையான குரல். 'பெரட்டு' என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். தலையாட்டிவிட்டு அழகாகப் பாடிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கேட்டால், யாரோ முதலாளியிடம் லீவு லெட்டர் நீட்டுவது மாதிரி இருக்கிறது. அழித்துவிட்டேன்.

இன்னொன்று. டிசம்பரில் கம்பெனி என்னை அபுதாபிக்கு அனுப்புகிறது. கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடையில் வேலை, இரண்டு வருஷம். போவதற்குமுன் இந்தப் பாட்டை முடித்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. தொழிலாளர் தினத்துக்கு லீவு இருக்கிறது. லிங்கிக்கு வந்து நேரிலேயே கேட்கிறேன். நீ கதவைச் சாத்தினால் வாசலில் நின்று கேட்கிறேன்.

லிங்கம்


மூன்றாம் டிவிஷன், லிங்கி
20.4.1987

லிங்கத்துக்கு,

வர வேண்டாம். வந்தால் நான் கோலா பிலாவில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். வாசலில் நிற்பேன் என்று எழுதிய பிறகு வேறு வழி தெரியவில்லை.

போன வருஷம் பிப்ரவரியில் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. தைராய்டு கட்டி. நீங்கள் போய் நாலைந்து மாதத்தில் அது வெளியே தெரிய ஆரம்பித்தது. சிரம்பானில் குரல் உடைந்ததுகூட அதனால் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டிக்கிடக்கிறது, எடுத்தால் குரல் பழையபடி இருக்காது, எடுக்காவிட்டால் மூச்சுக்கே ஆபத்து என்று எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது குரல் எப்படி என்றால், தோட்ட ஆபீஸ் டெலிபோனில் பேசினேன் என்றால் எதிர்முனையில் "சொல்லுங்கண்ணே" என்கிறார்கள். கடைக்குப் போனால் நான் வாயைத் திறக்கும்முன் அப்பா முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். பேக்டரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் மூன்று வாரம் என்னை ஊமை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். மைக்ரோஸ்கோப் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அங்கே யாரும் பேச வேண்டியதில்லை என்பதுதான்.

கணேசமூர்த்திக்கு எல்லாம் தெரியும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவனைத் திட்டாதே.

கடிதத்தில் குரல் கிடையாது. இங்கே நான் பழைய மயில் மாதிரியே இருக்க முடிகிறது. அதனால் வராதே. எழுது.

மயில்


ஈசூன்
3.5.1987

மயில்,

தொழிலாளர் தினத்தன்று அறையை விட்டு வெளியே போகவில்லை. சிரம்பான் போட்டியை யாரோ பதிந்த கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டேன். 'வெட்டிக்கோ'வில் உன் குரல் உடைகிறது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடிதான், அதற்குள் என் கிட்டார் வந்து மூடிவிடுகிறது. இத்தனை நாள் அந்த விநாடியை உன் தப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் தொண்டைக்குள் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. நானோ, நீ பிராக்டிஸ் பண்ணவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

கணேசமூர்த்தியைத் திட்டவில்லை. போனில் கூப்பிட்டேன். டுரியான் விலையைப் பற்றிப் பேசினோம். கடைசியில் அவன், "சரி, வைக்கிறேன்" என்றான்.

ஆபரேஷன் ஆன ஒருத்திக்குக் கேசட் அனுப்பி 'பாடு, பாடு' என்று தொந்தரவு செய்திருக்கிறேன். நினைத்தால் கூசுகிறது. இந்தப் பாட்டை விட்டுவிடுவோம். நாலாவது டிராக் காலியாகவே இருக்கட்டும். உனக்கு இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மருந்து தவறாமல் சாப்பிடு.

லிங்கம்


மூன்றாம் டிவிஷன், லிங்கி
14.6.1987

லிங்கம்,

பாட்டை விட்டுவிடச் சொல்லி உன்னை யார் கேட்டது? அன்றைக்குக் குமிழைத் திருகியதும் இன்றைக்கு இதை நிறுத்துவதும் எனக்கு ஒன்றுதான். அப்போதும் என்னைக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கோபமாக இருந்தேன், அதனால்தான் தாமதம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் முதல் கடிதம் வந்த வாரமே கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு லீவு. காலை பத்து மணி, எல்லாரும் ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருந்தார்கள். லயத்தில் ஒரு சத்தமில்லை. கணேசமூர்த்தியின் டிரம்ஸ் வந்ததும் கால் தானாகத் தாளம் போட்டது. வாயைத் திறந்தேன். முதல் இரண்டு வரி ஏதோ வந்தது. 'வெட்டிக்கோ'வில் காற்று மட்டும்தான் வந்தது. சத்தமே இல்லை. செட்டை நிறுத்திவிட்டுக் குழாயடியில் போய் உட்கார்ந்து, துணி துவைக்கிற மாதிரி பாவனை காட்டி அழுதேன். அப்புறம்தான் உனக்கு 'திரு' போட்டு எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மங்கம்மாவுக்கு வளைகாப்பு. கணேசமூர்த்தியின் மனைவி மங்கம்மாவை நீ பார்த்ததில்லை. நன்றாக ஹார்மோனியம் வாசிப்பாள். கோலா கிளாவாங் போய், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாவம் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து சுதியை ஒவ்வொரு கட்டையாக இறக்கிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில், "இங்க நில்லு, இங்க நிக்கிதுக்கா" என்றாள்.

ஒன்றரைக் கட்டை. அங்கே என் குரல் நிற்கிறது. அழகாக இல்லை. சிமெண்டுத் தரையில் மண்வெட்டியை இழுக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் நடுங்காமல் நிற்கிறது.

நம் பாட்டின் சுதி மூன்று கட்டை. முழுசாக ஒன்றரைக் கட்டை இறக்க வேண்டும். கிட்டாரில் அது முடியுமா? முடியாது என்றால் முடியாது என்று எழுது. சுற்றி வளைக்காதே.

மயில்


ஈசூன்
5.7.1987

மயில்,

முடியும்.

டிரம்ஸுக்குக் கட்டை ஒன்றும் கிடையாது, அது அப்படியே இருக்கிறது. கிட்டாரையும் பேஸையும் அழித்துவிட்டுப் புதிதாக வாசித்தேன். சொல்வது சுலபம். கம்பிகளைத் தளர்த்தத் தளர்த்தத் தொளதொளவென்று ஆகி, தண்டில் மோதி இரைந்தன. பிறகு தடித்த கம்பியாக வாங்கி மாட்டினேன். விரல் நுனி கிழிந்தது. வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, "ஆப்பா ரோசாக்?" என்று கேட்டார். எதுவும் ரிப்பேர் இல்லை, பாட்டுத்தான் என்று மலாயில் சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆனால் இதோடு வரும் கேசட்டைக் கேட்டுப் பார். பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இது நடக்கிறது. ரப்பர் பால் லோரி முழுச் சுமையோடு மேடேறுகிற மாதிரி. அதுதான் இந்தப் பாட்டோ என்று இப்போது தோன்றுகிறது. ஆறு வருஷமாக நான் அதைத் தப்பான உயரத்தில் வைத்திருந்தேன் போல.

ஒரே ஒரு யோசனை. எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். கத்த வேண்டாம். கத்துகிற வேலையைக் கிட்டாரிடம் விட்டுவிடு. நீ கிராணிக்கு எதிரே நின்று சொல்கிற மாதிரி சொல்.

போன கடிதத்தில் உன்னைக் கேட்காமல் முடிவு செய்ததற்கு நீ திட்டியது சரி. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது. அதில் 'நீங்கள்' இல்லை.

லிங்கம்


மூன்றாம் டிவிஷன், லிங்கி
30.8.1987

லிங்கம்,

கேசட் இதோடு இருக்கிறது. மூன்று காலை ஆனது.

கணேசமூர்த்தி தன் டேப் செட்டை லோரியில் கொடுத்து அனுப்பினான். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டேன். முதல் நாள் பக்கத்து வீட்டுச் சேவல் என்னோடு போட்டி போட்டது. அது என்னைவிட நல்ல சுதியில் இருந்தது, அழித்துவிட்டேன். இரண்டாம் நாள் ஆயாக்கொட்டகையில் ஒரு பிள்ளை ஆரம்பித்து வைக்க, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அழுதன. அதுவும் போயிற்று.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேறு எதையும் நினைக்காமல் பாடினேன். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. கடைசி வரிக்கு மழை வந்துவிட்டது. தகரக் கூரையில் விழுகிற சத்தம் அதில் இருக்கும். வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்.

கதவைத் திறந்தால் அப்பா வெளியே நிற்கிறார். வானம் இருட்டியதுமே பால்வெட்டை நிறுத்திவிட்டுச் சீக்கிரம் வந்திருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"உள்ள வந்திருக்கலாம்லப்பா" என்றேன்.

"நீ பாடிக்கிட்டு இருந்தியே" என்றார்.

துண்டு எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார், "வலிக்கலியா?"

"எது?"

"தொண்டை. பேசினா வலிக்குமோன்னுதாம்மா கடையில, ஆபீஸ்ல எல்லாம் நானே பேசிட்டு இருந்தேன். டாக்டர்கிட்ட கேக்கவும் பயம்."

வலிக்கவில்லை என்று சொன்னேன். லிங்கம், ஒன்றரை வருஷமாக நான் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகளின் குரலை நாலு பேர் கேட்கக்கூடாது என்று அவர் மறைக்கிறார் என்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பாட்டைப் பற்றி நீ பொய் சொல்லக்கூடாது. நன்றாக இல்லை என்றால் அதையே எழுது.

மயில்


ஈசூன்
4.10.1987

மயில்,

கேசட் வந்து நாலு நாள் அதைப் போடவில்லை. பயமாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்று வேறு எழுதியிருந்தாய்.

ஐந்தாம் நாள் போட்டேன். முதலில் என்ன நினைத்தேன் என்பதை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. யாரோ வேறொருவரின் கேசட்டை மாற்றி அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன். பழைய குரலைத் தேடிக்கொண்டு பாதிப் பாட்டைத் தவறவிட்டேன். திரும்ப முதலிலிருந்து போட்டேன். அப்போதுதான் நீ பாடுவது கேட்டது. 'பேர வெட்டிக்கோ' என்பதை ஒரு கத்தலாகத்தான் நான் மெட்டுப் போட்டிருந்தேன். நீ அதை மெதுவாகச் சொல்கிறாய், இனி திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்கிற மாதிரி. கிராணி மட்டுமல்ல, பெரிய துரையே இருந்தாலும் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

சேர்ப்பது பெரிய பாடாகிவிட்டது. உன் செட்டும் என் மெஷினும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. முதல் வரி சேர்ந்து நடக்கும், இரண்டாவது வரியில் நீ அரைத் தட்டுப் பின்தங்கிவிடுவாய். என் மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. அதைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு வரியாக உன்னைப் பிடித்துக் கொண்டுவந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. நீ எங்கே மூச்சு வாங்குகிறாய், எந்த எழுத்தில் தயங்குகிறாய் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்படி ஒருவரை நான் கேட்டதே இல்லை.

'வெட்டிக்கோ' வருகிற மூன்று இடத்திலும் கிட்டாரை முழுக்க எடுத்துவிட்டேன். டிரம்ஸும் நீயும் மட்டும்தான். மழையை வைத்துக்கொண்டேன்.

முடிந்த பாட்டு இதோடு வருகிறது. கணேசமூர்த்திக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

டிசம்பர் பதினான்காம் தேதி பிளேன். அதற்குமுன் தீபாவளி வருகிறது. வரட்டுமா? இந்தத் தடவை கேட்கிறேன். நீ சொன்னால்தான் வருவேன்.

லிங்கம்


மூன்றாம் டிவிஷன், லிங்கி
12.10.1987

லிங்கம்,

பாட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்பது என்று வைத்திருக்கிறேன். அதற்குமேல் கேட்டால் வேலை ஓடவில்லை.

வா. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடு. அப்பா உன்மேல் வருத்தத்தில் இருந்தவர்தான், இப்போது கோழி எது என்று பார்த்து வைத்திருக்கிறார். நான் அதிகம் பேச மாட்டேன். நீயும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

மயில்


அபுதாபி
10.1.1988

மயில்,

எழுதுவதற்குக் கடல் நடுவில் ஒரு மேசை கிடைத்திருக்கிறது. நான்கு பக்கமும் தண்ணீர். மேடையில் நூற்று இருபது பேர் இருக்கிறோம். பச்சை நிறத்தில் எங்கேயும் எதுவும் இல்லை. படிக்கட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், வேலை முடிந்தால் கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். சிரிக்காதே.

தீபாவளியைப் பற்றி எழுத வேண்டும். மூன்று மாதமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வாசலில் வந்து நின்று நீ என்னிடம், "வா, சாப்ட்டியா?" என்றாய். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். ஒரு விநாடிதான். நீ பார்த்துவிட்டாய். அதற்குப் பிறகு அன்று முழுக்க நீ என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சோறு போட்டாய், முறுக்கு வைத்தாய், உன் அப்பா தோட்டத்தில் எண்ணெய்க்குச் செம்பனை நடப்போவதைப் பற்றியும் பழைய ரப்பர் மரங்களை வெட்டுவதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்குப் போகிற வழியில் பாலத்துத் திண்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

குரல் பிடிக்காமல் திரும்பவில்லை, மயில். ஒரு மாதமாக அந்தக் குரலோடுதான் இருந்தேன். இயர்போனுக்குள், கண்ணை மூடிக்கொண்டு, என் ஒருத்தனுக்கு மட்டும் கேட்கிற குரலாக அது இருந்தது. திடீரென்று அது உன் முகத்திலிருந்து வந்தது. அதுவும் நான் சாப்பிட்டேனா என்று கேட்டது. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத்தான் திரும்பினேன். இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு உன் எதிரில் எதுவும் நேரத்துக்கு வருவதில்லை.

அறையில் என்னோடு இருக்கிற மலையாளி ஒருவர் உன் பாட்டைக் கேட்டுவிட்டு, "இது யார்?" என்று கேட்டார். என்ன முறை சொல்வது என்று தெரியாமல், "எங்க ஊர்" என்றேன்.

லிங்கம்


மூன்றாம் டிவிஷன், லிங்கி
7.2.1988

லிங்கம்,

நீ திரும்பியதைப் பார்த்தேன். அன்றைக்கு உன் தட்டில் சோறு போடும்போது, இன்னும் ஒரு மணி நேரத்தில் இவன் போய்விடுவான், அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பாலத்துத் திண்டில் நீ செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தாய். கேட்பாய் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சரி, பாட்டுக்கு வேண்டுமானால் இந்தக் குரல் போதும், வீட்டில் வைத்துக்கொள்ள ஆகாது போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். உன் கடிதம் வருகிற வரை அப்படித்தான் இருந்தேன்.

கடிதம் வந்தது புதன்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோலா பிலாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா மூன்று மாதமாகப் பேசி ஏற்பாடு செய்தது. பையன் ராமகிருஷ்ணன், பொதுப்பணித் துறையில் டிரைவர். நல்லவராகத்தான் தெரிந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. அவர் அம்மா வள்ளியம்மா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொண்ணு ஒரு வார்த்தை பேசலியே" என்றார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்பா, "அதுக்குத் தொண்டை கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வாயை மூடிக்கொண்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன். குரலைக் கேட்டதும் அந்த அம்மா கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தார்கள். பரவாயில்லை என்று தொடர்ந்தேன். "நீங்க இவ்ளோ தூரம் வந்தும் இப்பத்தான் சொல்றேன். எனக்கு ஒருத்தர் இருக்காரு. கடல்ல வேலை பாக்கறாரு. வர ரெண்டு வருஷம் ஆகும்."

அந்த ராமகிருஷ்ணன்தான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, "பரவால்லைங்க" என்றார். நிம்மதியாகச் சொன்ன மாதிரி இருந்தது. அவருக்கும் யாராவது இருக்கலாம்.

அவர்கள் போன பிறகு அக்கா அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். அப்பா வெளியே போய் நின்று ஒரு சுருட்டுப் பிடித்துவிட்டு வந்தார்.

"அந்தக் கிட்டார்க்காரனா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"அவன் ஏதும் சொல்லியிருக்கானா?"

"இல்லப்பா."

"அப்ப எழுதிக் கேளும்மா. தெரியாம எப்பிடி?" என்றார்.

அதனால் எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் ஏழு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். என் வாயால், இந்தக் குரலில் சொன்னேன். சொல்லும்போது நடுங்கவில்லை. தப்பென்றால் எழுது, தாங்கிக்கொள்வேன்.

எதுவாக இருந்தாலும் முதல் வரியிலேயே எழுதிவிடு. உன் கடிதம் வந்தால் வீடு வரைக்கும் பொறுமை இருக்காது. தோட்ட ஆபீஸ் வாசலிலேயே பிரித்துவிடுவேன், கிராணி பார்த்துக்கொண்டிருப்பார்.

மயில்